போலந்து இடதுசாரிகள்: அந்த 41 சதவீதம் எங்கே போனது?

கரிசல் காட்டான்

2025 மே மாதம் நடந்த போலந்து அதிபர் தேர்தலின் முதல் சுற்றைக் கவனித்தீர்களா? இடதுசாரி என்று சொல்லிக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். ஆட்ரியன் சாண்ட்பெர்க் 4.86 சதவீதம், மக்தலேனா பியெயாத் 4.23, யோவானா செனிஷின் 1.09. மூன்றையும் கூட்டினால் பத்தைத் தாண்டி ஒரு சொட்டு. இதே நாட்டில் 2000ஆம் ஆண்டு அலெக்சாண்டர் க்வாஷ்னியெவ்ஸ்கி என்ற இடதுசாரி, ஏறக்குறைய 54 சதவீதம் வாங்கி முதல் சுற்றிலேயே அதிபர் ஆனார்.

நாடாளுமன்றக் கணக்கு இன்னும் மோசம். 2001இல் ஜனநாயக இடது கூட்டணி (இனி எஸ்எல்டி என்றே எழுதுகிறேன்) தன் கூட்டாளியோடு சேர்ந்து 41 சதவீதம் வாங்கியது. 460 இடங்களில் 216. நான்கே வருடத்தில் 11.3 சதவீதம், 55 இடம். 2015இல் பூஜ்யம். 1989க்குப் பிறகு இடதுசாரிகள் ஒருவர்கூட இல்லாத செய்ம் அதுதான் (அங்கே கீழவைக்கு அந்தப் பெயர்). 2019இல் 49 பேர் உள்ளே வந்தார்கள், 2023இல் அதுவும் 26 ஆகச் சுருங்கியது.

"கம்யூனிஸ்ட் ஆட்சியில் பட்ட பாடு, அதனால் வெறுக்கிறார்கள்" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. என் வாதம் இதுதான்: பழைய ஆட்சியின் பாவம் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. 2001இல் கிடைத்த ஆட்சியை வைத்துக்கொண்டு, ஓட்டு போட்டவர்களையே அவர்கள் கைவிட்டார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

பழைய பேப்பர்

காட்டான் சார், ஒரே வரியில் சொன்னால் அது பொய்யாகிவிடுமா?

1956 ஜூன், போஸ்னான் நகரம். ரொட்டியும் கூலியும் கேட்டு ஊர்வலம் போன ஆலைத் தொழிலாளர்கள் மேல் டாங்கிகளை ஏவினார்கள். 1970 டிசம்பர், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் உணவு விலையை ஏற்றிவிட்டு, தெருவுக்கு வந்தவர்களைச் சுட்டார்கள். க்டினியாவில் நடந்ததை மட்டும் படியுங்கள். வேலைக்குத் திரும்புங்கள் என்று முந்தின நாள் அதிகாரத்தில் இருப்பவரே தொலைக்காட்சியில் கேட்டுக்கொள்கிறார். அதை நம்பி விடிகாலை ரயிலில் வந்து இறங்கி, கப்பல் கட்டும் தளத்தை நோக்கி நடந்தவர்களை ராணுவம் சுட்டது. அந்த வாரம் கடலோர நகரங்களில் செத்தவர்கள் நாற்பது பேருக்கும் மேல். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம்; மூன்றாம் நாள் வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளிகள் பிணம்.

சுட்ட கட்சியின் பெயர் என்ன தெரியுமா? போலந்து ஐக்கியத் தொழிலாளர் கட்சி. எஸ்எல்டி அதன் வாரிசு. இந்த வரலாறு இருக்கிற ஊரில் சிவப்புக் கொடியை யார் தொடுவார்கள்?

தறிக்காரன்

பேப்பர் அண்ணே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தப் புண் 1993இல்தானே பச்சையாக இருந்திருக்க வேண்டும்? ராணுவச் சட்டத்தில் 20 வயதில் உள்ளே போனவனுக்கு அப்போது 32 வயது. அந்தத் தேர்தலில் முதலிடம் எஸ்எல்டிக்கு. 1995இல் எதிரே நின்றவர் லெக் வலேசா. கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து எழுந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் முகம், நோபல் பரிசு வாங்கியவர். அவரைத் தோற்கடித்துவிட்டு, கம்யூனிஸ்ட் காலத்தில் அமைச்சராக இருந்த க்வாஷ்னியெவ்ஸ்கியை உட்கார வைத்தார்கள்.

புண் ரத்தம் கசிந்தபோது ஓட்டு போட்டவன், தழும்பான பிறகு வெறுத்தானா? கணக்கு இடிக்கிறதே.

பழைய பேப்பர்

1993 கணக்கை முழுசாகப் பாருங்கள் தம்பி. எஸ்எல்டி வாங்கியது 20.4 சதவீதம்தான். அதை வைத்து 171 இடம் எப்படி வந்தது? அந்தத் தேர்தலில்தான் புதுசாக வரம்பு வைத்தார்கள்: தனிக் கட்சிக்கு 5 சதவீதம், கூட்டணிக்கு 8. சாலிடாரிட்டியிலிருந்து பிரிந்த வலதுசாரிகள் ஆளுக்கொரு கடை போட்டு, பெரும்பாலோர் வரம்புக்குக் கீழே விழுந்தார்கள். பதிவான ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எந்த இடமும் வாங்காமலே வீணாய்ப் போனது. எஸ்எல்டியும் விவசாயிகள் கட்சியும் சேர்ந்து 36 சதவீத ஓட்டை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு இடத்தை அள்ளின. அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அந்த 20 சதவீதம் யார் என்றும் யோசியுங்கள். பழைய கட்சி உறுப்பினர்கள், ராணுவ அதிகாரிகள், போலீஸ்காரர்கள், அரசு அலுவலக மேலாளர்கள், அவர்கள் வீட்டு மனிதர்கள். அவர்கள் தொழிலாளி வர்க்கமில்லை, பதவி இழந்த வர்க்கம். அந்தத் தலைமுறைக்கு வயதானது, கட்சிக்கும் வயதானது. அவ்வளவுதான் கதை.

தறிக்காரன்

20 சதவீதத்துக்கு இந்த விளக்கம் சரி. 41 சதவீதத்துக்கு? 2001இல் போலந்தில் பத்தில் நான்கு பேர் ராணுவ அதிகாரி வீட்டு மனிதர்களா?

வ்ரோத்ஸ்வாஃப் மல்லி

நான் குடும்பத்தோடு இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஓட்டு கிடையாது, வேடிக்கை பார்க்கத் தடையில்லை.

இங்கிருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்தில் வாவ்ப்ஷிக் என்ற நகரம். நூற்றாண்டுக் கணக்கில் நிலக்கரிதான் அதன் பிழைப்பு. 1990களில் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். வேலை போன சுரங்கத் தொழிலாளிகள் ஊர் ஓரத்துக் காட்டில் கையாலேயே குழி தோண்டினார்கள். மண்வெட்டி, கயிறு, வாளி. ஒருவர் உள்ளே ஊர்ந்து போய் வெட்டுவார், மேலே நிற்பவர் இழுப்பார். மூட்டையாகக் கட்டி வீடுகளுக்கு விற்றார்கள். போலீஸ் வந்தால் ஓட வேண்டும். மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. 2000களிலும் இது நடந்தது. அதற்குள் அதே ஊரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்து, டொயோட்டா ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஊரில்!

அரசுப் பண்ணைகள் கதை அதைவிட மோசம். 1991 சட்டத்தோடு அவற்றைக் கலைக்க ஆரம்பித்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசியில் அங்கே வேலை பார்த்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வயல் நடுவில் இரண்டு மாடி, மூன்று மாடிக் குடியிருப்புகள் இன்றும் நிற்கின்றன. பண்ணை போனதும் வேலை போனது, பல ஊர்களில் பேருந்தும் நின்றது.

இதை ஆரம்பித்தது சாலிடாரிட்டி அரசு. 1990 ஜனவரி 1 முதல் நிதியமைச்சர் பால்ட்செரோவிச் கொண்டுவந்த அதிரடித் திட்டம். கோபப்பட்ட மக்கள் திரும்பிப் பார்த்தபோது கையில் இருந்த ஒரே குச்சி எஸ்எல்டி. என்னோடு வேலை பார்க்கும், ஓய்வு பெறும் வயதிலிருக்கும் ஓர் அம்மா 1993லும் 2001லும் அவர்களுக்குத்தான் போட்டாராம். 2015இல் வலதுசாரி சட்டம்-நீதிக் கட்சிக்கு. ஏன் என்று கேட்டால், "முதலில் நம்பினேன், அவர்களும் அதையேதான் செய்தார்கள்" என்கிறார். ராணுவச் சட்டம் பற்றிக் கேட்டேன். அவர் அண்ணனை அப்போது பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இருந்தும் 1993இல் போட்டிருக்கிறார்!

நடுநிலை நாயகம்

வழக்கமான "துரோகம் செய்துவிட்டார்கள்" பாட்டு. கொஞ்சம் நியாயமாகப் பேசுவோமா?

2001 அக்டோபரில் லெஷெக் மில்லர் பிரதமர் ஆனபோது வேலையின்மை ஏற்கெனவே 16 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பட்ஜெட்டில் முந்தைய வலதுசாரி அரசு விட்டுப்போன பெரிய ஓட்டை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தை கடைசிக் கட்டத்தில். இந்த நிலைமையில் அள்ளிக் கொடுக்க எங்கிருந்து எடுப்பது? அவர் சிக்கனம் பிடித்தார். 2004 மே 1இல் நாட்டை ஒன்றியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த வருடம் வளர்ச்சி 5 சதவீதத்தை எட்டியது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியமே சரிந்தபோது சரியாத ஒரே நாடு போலந்து.

இன்னொன்று. ஆளும் கட்சியை அடித்துத் துரத்துவது அப்போது போலந்தில் வாடிக்கை. 1997இல் ஜெயித்த சாலிடாரிட்டி கூட்டணி 2001இல் 5.6 சதவீதம் வாங்கி, கூட்டணி வரம்பான எட்டைத் தொடாமல் முழுசாக வெளியே போனது. ஒரு இடம்கூட இல்லை. அதற்காக வலதுசாரி அரசியலே செத்துவிட்டது என்று யாராவது எழுதினார்களா?

கரிசல் காட்டான்

நாயகம், கடைசிப் பத்தியில் நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். வலதுசாரிகள் 2001இல் சுத்தமாக விழுந்தார்கள், ஆனால் அதே வருடம் இரண்டு புதுக் கட்சிகளாக எழுந்தார்கள்: டஸ்க் ஆட்களின் குடிமக்கள் மேடை, கச்சின்ஸ்கி சகோதரர்களின் சட்டம்-நீதி. 2005 முதல் இன்றுவரை அந்த இரண்டும்தான் மாறி மாறி ஆளுகின்றன. இடதுசாரிகளால் ஏன் அப்படி எழ முடியவில்லை? அவர்கள் பெயரைச் சொன்னாலே மக்களுக்கு 2001-05தான் நினைவுக்கு வந்தது.

சிக்கனம் வேறு வழியில்லாமல் பிடித்தது என்கிறீர்கள். சரி, யாருக்குச் சிக்கனம்? நிறுவன வரியை 27 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைத்தது அந்த அரசு. தொழில் நடத்துபவர்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் 19 சதவீதம் கட்டினால் போதும் என்று சலுகையும் கொடுத்தது. அதே மூச்சில் சமூகச் செலவை வெட்ட, ஹவ்ஸ்னர் என்ற அமைச்சரின் திட்டம். வேலையின்மை 20 சதவீதத்தைத் தொட்ட நாட்டில், இடதுசாரி அரசு முதலாளிக்கு வரி குறைக்கிறது!

அமெரிக்கா கூப்பிட்டதும் 2003இல் இராக்குக்குப் படை அனுப்பினார்கள். ஸ்தாரே கியெய்குதி என்ற ஊரில் சிஐஏவின் ரகசியச் சிறை இயங்கியதும் இவர்கள் காலத்தில்தான். 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போலந்தைக் குற்றவாளி என்றது.

கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துவோம் என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு, ஒன்றியத்தில் சேரும் வாக்கெடுப்புக்குத் திருச்சபையின் தயவு வேண்டும் என்று மூட்டை கட்டி வைத்தார்கள். 2002இல் நூறு பெண்கள் சேர்ந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே கடிதம் எழுதினார்கள், எங்களை வைத்து பேரம் பேசுகிறார்கள் என்று.

எல்லாவற்றுக்கும் மேலே ரிவின் விவகாரம். இது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

2002 ஜூலையில் லெவ் ரிவின் என்ற பெரிய சினிமாத் தயாரிப்பாளர், நாட்டின் முக்கிய நாளிதழான கஸெத்தா விபோர்ச்சாவின் ஆசிரியர் ஆடம் மிஹ்னிக்கின் அறைக்கு வருகிறார். அந்த நாளிதழை நடத்தும் நிறுவனம் ஒரு தொலைக்காட்சி வாங்க ஆசைப்படுகிறது. வரவிருக்கும் ஊடகச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சட்டத்தை உங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறோம், 1.75 கோடி டாலர் கொடுங்கள் என்கிறார் ரிவின். யார் சார்பில் பேசுகிறீர்கள் என்றால், அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு குழுவின் சார்பிலாம். மிஹ்னிக்கின் அறையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் கடைசியில் நாளிதழில் வந்தது. பிறகு நாடாளுமன்ற விசாரணைக் குழு, அதைத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. மாதக் கணக்கில் ஜனங்கள் சீரியல் மாதிரி பார்த்தார்கள். ரிவின் ஜெயிலுக்குப் போனார். அந்தக் குழு யார் என்று நீதிமன்றத் தீர்ப்பால் கடைசிவரை ஒரு பெயரும் வரவில்லை. ஆனால் கழுத்தில் மாலை விழுந்தது எஸ்எல்டிக்கு. ஒன்றியத்தில் சேர்ந்த மறுநாளே, 2004 மே 2 அன்று, மில்லர் ராஜினாமா.

1970 துப்பாக்கிச் சூட்டை மறந்து ஓட்டு போட்டவர்களை இந்த நான்கு வருடம்தான் விரட்டியது.

கடலூர் கணேசன்

இதெல்லாம் நம்ம ஊர்க் கதை போலவே இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 34 வருடம் ஆண்டுவிட்டு…

மட்டுறுத்துநர்

கணேசன், வங்கத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே போலந்து மட்டும்.

மணிமேகலை

ஊழல், இராக் எல்லாம் 2005 தோல்வியை விளக்கும். இருபது வருடம் எழவே முடியாததை விளக்காது. அதற்குக் காரணம் கச்சின்ஸ்கி. இடதுசாரிகள் கைவிட்ட திட்டங்களை அவர் எடுத்துக்கொண்டார்.

வரிசையாகப் பாருங்கள். 2012இல் டஸ்க் அரசு ஓய்வு வயதை ஆண், பெண் இருவருக்கும் 67 ஆக்கியது. 2015இல் ஜெயித்த சட்டம்-நீதி அதை 2017 அக்டோபரில் பழையபடி பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று இறக்கியது. 2016 ஏப்ரலில் இரண்டாவது பிள்ளையிலிருந்து தலைக்கு மாதம் 500 ஸ்வாட்டி (அந்த நாட்டு நாணயம்). 2019 ஜூலையில் வருமான வரம்பில்லாமல் முதல் பிள்ளைக்கும். மணிக்கணக்குக் கூலிக்குக் குறைந்தபட்ச வரம்பு. 2019 முதல் ஓய்வூதியக்காரர்களுக்குப் பதின்மூன்றாவது மாதப் பணம். ஞாயிற்றுக்கிழமைக் கடைத் தடை, அதுவும் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் கேட்டது.

கொடி மட்டும் சிவப்பு இல்லை. பக்கத்தில் மாதா படம்.

தறிக்காரன்

மணிமேகலை அக்கா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். 2016இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம், பிடித்தம் போகுமுன் மாதம் 1850 ஸ்வாட்டி. பிடித்தம் போனால் கையில் வருவது 1350 சுற்றி. கிராமத்தில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு, மூன்று பிள்ளைகள் என்று வையுங்கள். இவ்வளவு குறைந்த வருமானத்தில் முதல் பிள்ளைக்கும் உண்டு என்பதால், மூன்றுக்குமாக மாதம் 1500 ஸ்வாட்டி பணமாகவே வருகிறது. ஒரே மாதத்தில் வீட்டு வருமானம் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. எஸ்எல்டி எட்டு வருடம் ஆண்டும் இப்படி ஒரு மாதத்தை அந்த வீடு பார்த்ததில்லை. அவன் யாருக்குப் போடுவான் என்று சித்தாந்தம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பழைய பேப்பர்

காசு கொடுத்தால் இடதுசாரி ஆகிவிடுமா? அப்படிப் பார்த்தால் தேர்தல் நேரத்தில் எல்லோரும் இடதுசாரிதான்.

2018 வசந்த காலத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றோர்கள் செய்ம் கட்டடத்துக்குள்ளேயே 40 நாள் தரையில் படுத்துக் கிடந்தார்கள், மாதம் 500 ஸ்வாட்டி ரொக்கம் கேட்டு. கேட்டது கிடைக்காமலே வீட்டுக்குப் போனார்கள். 2019 ஏப்ரலில் ஆசிரியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம். அரசு அசைந்துகொடுக்கவே இல்லை. மூன்று வாரத்தில் அவர்களே நிறுத்திவைத்தார்கள்.

வ்ரோத்ஸ்வாஃப் மல்லி

பேப்பர் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வருடம், ஒரே பிள்ளை இருந்தால் அந்த 500 கிடைக்க வேண்டுமென்றால் தலைக்கு 800 ஸ்வாட்டி வருமானத்துக்குள் இருக்க வேண்டும். ஒற்றைப் பிள்ளையோடு தனியாக இருக்கும் தாய், குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலே வெளியே. மூன்று பிள்ளை பெற்ற பணக்கார டாக்டர் வீட்டுக்கு 1000.

ஆனால் அண்ணே, இதைச் சொல்லித் திட்டிய இடதுசாரி யார்? அந்த நேரம் செய்முக்குள் ஒரு ஆளும் இல்லையே!

நடுநிலை நாயகம்

அந்த "ஒரு ஆளும் இல்லை"க்கு யார் காரணம் என்று நான் சொல்கிறேன், சாண்ட்பெர்க் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2015இல் எஸ்எல்டியும் சில கட்சிகளும் ஐக்கிய இடது என்று கூட்டணியாக நின்றன. 7.55 சதவீதம். கூட்டணி வரம்பு 8. சாண்ட்பெர்க்கின் புதுக் கட்சி ராசெம் தனியாக நின்று 3.62. தேர்தலுக்குச் சில நாள் முன்பு தொலைக்காட்சி விவாதத்தில் அவர் பிரமாதமாகப் பேசினார், ஒரே இரவில் நாடே அவரைப் பற்றிப் பேசியது. எஸ்எல்டி பக்கம் போக வேண்டிய ஓட்டில் ஒரு பகுதி அங்கே போனது. அரை சதவீதத்துக்கும் குறைவில் ஐக்கிய இடது வெளியே. இரண்டும் சேர்ந்தால் 11 சதவீதத்துக்குமேல்!

விளைவு? 37.6 சதவீதம் வாங்கிய கச்சின்ஸ்கிக்கு 235 இடம், தனிப் பெரும்பான்மை. 1989க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் கிடைக்காதது. அரசியல் சாசனத் தீர்ப்பாயத்தை அவர் கைப்பற்றியதெல்லாம் அந்தப் பெரும்பான்மையை வைத்துத்தான். 1993இல் வலதுசாரிகளைக் கவிழ்த்து எஸ்எல்டியை ஏற்றிய அதே வரம்பு, 22 வருடம் கழித்து எஸ்எல்டியைக் கவிழ்த்தது.

தறிக்காரன்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2015இல் எஸ்எல்டியின் தலைவர் யார் தெரியுமா? அதே லெஷெக் மில்லர். முதலாளிக்கு வரி குறைத்தவர், இராக்குக்குப் படை அனுப்பியவர். அந்த வருடம் மே மாத அதிபர் தேர்தலில் அவர் நிறுத்திய வேட்பாளர் மக்தலேனா ஒகூரெக் வாங்கியது 2.38 சதவீதம், அந்த அம்மா பின்னாளில் சட்டம்-நீதி ஆட்சியில் அரசுத் தொலைக்காட்சியின் முகமாகவே மாறினார். இவர்களோடு சேரவில்லை என்று புதுப் பையன்களைத் திட்டுகிறீர்கள். தனிக் கட்சியாகப் பதிவு செய்து நின்றிருந்தால் வரம்பு ஐந்துதான், 7.55க்கு சுலபமாக உள்ளே வந்திருப்பார்கள். கூட்டணி என்று பதிவு செய்தது மில்லரின் ஆட்கள் போட்ட கணக்கு.

நடுநிலை நாயகம்

2019இல் அந்தப் பாடத்தைப் படித்தார்களே. மூன்று கட்சியும் சேர்ந்தாலும் காகிதத்தில் எஸ்எல்டி ஒன்றே நிற்பதாகக் காட்டினார்கள், 12.56 சதவீதம், 49 இடம். சேர்ந்தால் வாழ்வு, அவ்வளவுதான் நான் சொல்வது.

மணிமேகலை

சேர்ந்து என்ன வாழ்ந்தார்கள்? 2020 அக்டோபர் 22 அன்று தீர்ப்பாயம் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுசாகத் தடை செய்தது. சின்னச் சின்ன ஊர்களில்கூட இளம் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மல்லி நேரில் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒரு அலை எந்த இடதுசாரிக் கட்சிக்கும் வாழ்நாளில் ஒரு முறைதான் வரும். 2023 தேர்தலில் 74 சதவீதம் பேர் ஓட்டு போட்டார்கள், அங்கே அது சாதனை. அந்த ஓட்டு டஸ்க்குக்குப் போனது. இடதுசாரிக்கு 8.6.

வ்ரோத்ஸ்வாஃப் மல்லி

பார்த்தேன் மணிமேகலை. டிராம் ஓடவில்லை, தெரு முழுக்கச் சிவப்பு மின்னல் வரைந்த அட்டைகள், கொரோனா காலம் என்பதால் எல்லோர் முகத்திலும் மாஸ்க். என் மகளின் வகுப்புத் தோழிகளே இருந்தார்கள்.

பிறகு டஸ்க்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், கச்சின்ஸ்கியை இறக்க வேண்டும், அதற்குப் பெரிய கட்சிக்குப் போட்டால்தான் பலன் என்று நினைத்தார்கள். இறக்கினார்கள். 2024 ஜூலையில் கருக்கலைப்புக்கு உதவுபவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று இடதுசாரிகள் கொண்டுவந்த மசோதா செய்முக்கு வந்தது. ஆதரவு 215, எதிர்ப்பு 218. கவிழ்த்ததில் கூட்டாளி விவசாயிகள் கட்சிக்காரர்களும் உண்டு. மசோதா தோற்றது டஸ்க் அரசில், திட்டு வாங்கியது இடதுசாரி அமைச்சர்கள்.

பழைய பேப்பர்

ஆக, கடைசியில் எல்லோரும் என் வழிக்குத்தான் வருகிறீர்கள். ஆட்சியில் இருந்தால் திட்டு, வெளியே இருந்தால் பூஜ்யம், கூட்டணி போட்டால் ஏமாற்று, தனியாக நின்றால் 3 சதவீதம். எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காத கட்சிக்கு ஏதோ அடிப்படையிலேயே கோளாறு. இளைஞர்களைப் பாருங்கள். 2025 அதிபர் தேர்தலில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் முதலிடம் ஸ்லாவோமிர் மென்ட்சென். வரி வேண்டாம், அரசே வேண்டாம் என்கிற தீவிர வலது. ஓட்டு போட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் அந்த வயதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கம்யூனிஸ்ட் ஆட்சியைப் பார்க்காத பிள்ளைகளே இப்படி. வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்தது.

தறிக்காரன்

அதே கணிப்பில் அதே வயதில் இரண்டாவது இடம் யாருக்கு அண்ணே? சாண்ட்பெர்க்குக்கு! ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். டஸ்க் கட்சியின் வார்சா மேயரும், கச்சின்ஸ்கி ஆதரவில் நின்று கடைசியில் அதிபரான நவ்ரோட்ஸ்கியும் அந்த வயதில் அவருக்குப் பின்னால். தாத்தா பாட்டி அவர்களிடமும் சொல்லித்தானே இருப்பார்கள்? வாடகை கட்ட முடியவில்லை, அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்கவில்லை. இதைப் பேசினார், போட்டார்கள்.

பழைய பேப்பர்

மொத்தத்தில் 4.86. இளைஞர்கள் அவருக்குப் போட்டது சந்தோஷம். அவர்கள் அப்பா அம்மா போடவில்லையே.

கரிசல் காட்டான்

அப்பா அம்மாதான் 2001இல் போட்டு ஏமாந்தவர்கள். அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு இதில் பெரிய வேடிக்கை என்று தோன்றுவது வேறு. 2025 நவம்பரில் செய்மின் அவைத்தலைவர் ஆனது விவோட்ஜிமியெஷ் சஜாஸ்தி. 1983இல், ராணுவச் சட்டம் போட்டுச் சிறிது காலத்திலேயே, ஐக்கியத் தொழிலாளர் கட்சியில் சேர்ந்தவர். பேப்பர் சொல்லும் அந்த வாரிசு அரசியலின் அசல் ஆள். கூட்டணி ஒப்பந்தத்தில் பாதிக் காலத்துக்கு அவருக்கு அந்த நாற்காலி என்று எழுதியிருந்தது. கட்சிக்குச் செல்வாக்கு குறையக் குறைய நாற்காலி பெரிதாகிறது. இளைஞர்கள் நம்பும் சாண்ட்பெர்க்கோ 2024 அக்டோபரில் நான்கு பேரோடு இடதுசாரிக் குழுவை விட்டு வெளியே போய் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போகும்போது ராசெம் கட்சியே இரண்டானது; பியெயாத் சஜாஸ்தி பக்கமே தங்கிவிட்டார்.

மணிமேகலை

அப்படியானால் 2027 தேர்தலில் சஜாஸ்தியும் சாண்ட்பெர்க்கும் தனித்தனிப் பட்டியலா?

நடுநிலை நாயகம்

தனித்தனி என்றால் 2015 மறுபடியும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தறிக்காரன்

இல்லை நாயகம். இந்த முறை ஆளுக்கு ஐந்து சதவீதம் தாண்டினால் போதும், எட்டு இல்லை. சஜாஸ்தியின் கட்சி அரசில் இருந்துகொண்டு ஐந்தைத் தொடுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். ராசெம் தொடும்.

பழைய பேப்பர்

இரண்டும் 4.9 வாங்கினால் இதே இழையில் வந்து சந்திப்போம் தம்பி.